கல்வி கேள்வி – பதில்: மின்நிலையம் காக்கும் ஆராய்ச்சிக்குப் பணம் யார் தருவார்?

மின்நிலையம், குடிநீர் நிலையம், எரிவாயுக் குழாய் போன்றவற்றை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்புகளை விஷமிகளிடமிருந்து காப்பது பற்றி ஆராய உதவித்தொகையோடு பி.எச்டி. இடங்கள் இருக்கின்றன என்று ஒரு பெட்டிச் செய்தி வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு நீலகிரியிலிருந்து மட்டும் கற்றையாகக் கடிதங்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, துறை சார்ந்த குழு பதில் தருகிறது.

எம்.இ. பவர் சிஸ்டம்ஸ் முடித்திருக்கிறேன். ‘செக்யூர் கன்ட்ரோல்’ என்ற தலைப்பில் ஆய்வு மாணவர் தேவை என்கிறார்கள். இது சைபர் செக்யூரிட்டிதானே? நான் நெட்வொர்க்கிங் படித்ததே இல்லை. விண்ணப்பிக்கலாமா?
— வாசகி, கோத்தகிரி

தாராளமாக. நெட்வொர்க் தெரிந்தவர்கள் இந்தத் துறைக்கு எளிதாகக் கிடைத்துவிடுகிறார்கள். டர்பைனும் ரிலேயும் டர்பைன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரும் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் மாவட்டத்திலிருந்தே ஓர் உதாரணம். 1932இல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின்நிலையத்துக்கு நீர் 900 மீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து குழாயில் இறங்குகிறது. இவ்வளவு உயரத்துக்குப் பெல்டன் சக்கரம்தான் ஒத்துவரும். சக்கரத்தில் மோதும் நீர்த்தாரையைக் கூட்டிக் குறைப்பது நாசிலுக்குள் இருக்கும் ஊசி. அதைச் சட்டென்று மூடக் கூடாது. பென்ஸ்டாக் எனப்படும் அந்தக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் நீரை ஒரே அடியாக நிறுத்தினால், ஏறக்குறைய 100 மீட்டர் நீர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் கூடுதலாக எழும். நீர் 3 மீட்டர் வேகத்தில் வந்தால் அது மூன்று மடங்கு. ஆகவே திடீரென்று மின்சுமை (லோடு) போனால், முதலில் டிஃப்ளெக்டர் தகடு குறுக்கே வந்து தாரையைச் சக்கரத்திலிருந்து விலக்கிவிடும். ஊசி அதற்குப் பிறகு நிதானமாக மூடும்.

‘ஊசியை மூடு’ என்ற கட்டளை முறையான கம்ப்யூட்டரிலிருந்து, முறையான பாஸ்வேர்டோடு வருகிறது, ஆனால் மூடச் சொல்லும் வேகம் தவறு என்று வைத்துக்கொள்வோம். ஃபயர்வாலுக்கு அதில் ஒரு குறையும் தெரியாது. அழுத்த சென்சார் அனுப்பும் எண்ணையே நடுவழியில் ஒருவன் மாற்றிவிட்டால் ஆபரேட்டருக்கும் தெரியாது. வந்த எண் நீரின் இயக்க விதிகளோடு பொருந்துகிறதா என்று கட்டுப்பாட்டு அமைப்பே சோதிக்க முடியுமா? பொருந்தவில்லை என்றால் நிலையத்தை மொத்தமாக நிறுத்தாமல் பத்திரமான நிலைக்கு எப்படிக் கொண்டுபோவது? செக்யூர் கன்ட்ரோல் இந்தக் கேள்விகளைத்தான் கணித மொழியில் கேட்கிறது. (பழைய கால கவர்னர்களில் மூடும் வேகத்தை எண்ணெய்க் குழாயிலுள்ள ஒரு சின்னத் துளையே கட்டுப்படுத்திவிடும். அந்தத் துளையை எந்த ஹேக்கராலும் பெரிதாக்க முடியாது. இந்த மாதிரி இயந்திரத் தடைகளின் அருமை இப்போதுதான் ஆய்வுக் கட்டுரைகளில் மறுபடி பேசப்படுகிறது.)

இது கற்பனைப் பயம் இல்லை. 2010இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீய மென்பொருள், ஈரானின் யுரேனியம் செறிவூட்டும் சென்ட்ரிஃப்யூஜ்களைக் கெடுத்தபோது, முன்பே பதிவு செய்துவைத்த சாதாரண அளவீடுகளைத் திரும்ப ஓட்டிக் காட்டியது. திரையில் எல்லாம் நன்றாக இருந்தது. 2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் துணைமின்நிலைய பிரேக்கர்களைத் தொலைவிலிருந்தே திறந்து, ஏறத்தாழ 2,25,000 இணைப்புகளை இருட்டாக்கினார்கள். அதோடு விடாமல், துணைமின்நிலையங்களில் இருந்த சீரியல்–ஈத்தர்நெட் கன்வர்ட்டர்களின் ஃபர்ம்வேரையும் அழித்ததால், ஆட்கள் நேரில் போய்க் கையால் மூட வேண்டியிருந்தது.

படிக்க வேண்டியது என்று கேட்டால்: லீனியர் சிஸ்டம்ஸ், கால்மன் ஃபில்டர், நிகழ்தகவு இவை மூன்றும் கை பழக வேண்டும். நீங்கள் எம்.இ.யில் படித்த ஸ்டேட் எஸ்டிமேஷனை (அளவீடுகளிலிருந்து மின்கட்டமைப்பின் நிலையைக் கணிப்பது) மறுபடி எடுங்கள். அளவீடுகளில் தவறு இருந்தால் ரெசிட்யூவல் (அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வித்தியாசம்) பெரிதாகிக் காட்டிக்கொடுக்கும் என்றுதானே பாடம்? மின்கட்டமைப்பின் நிலையை அளவீடுகளோடு இணைக்கும் ஹெச் மேட்ரிக்ஸ் தெரிந்தவன், அதன் நெடுவரிசைகளைக் கொண்டே ஒரு பொய்யைக் கட்டிச் சேர்த்தால் ரெசிட்யூவல் துளியும் மாறாது என்று 2009இல் லியூ, நிங், ரெய்ட்டர் மூவரும் காட்டினார்கள். அந்தக் கட்டுரை உங்களுக்கு ஒரு வாரத்தில் புரிந்துவிடும். கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்கு ஒரு செமஸ்டர் ஆகும். நெட்வொர்க் பக்கம் மோட்பஸ், ஐ.இ.சி. 60870-5-104, ஐ.இ.சி. 61850 என்ற, கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நெறிமுறைகள் மூன்றின் அடிப்படை போதும். வயர்ஷார்க்கில் பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் ஆரம்பத்துக்கு நிறைவு.

பி.இ. இறுதியாண்டு. இந்தியாவிலேயே செய்தால் மாதம் எவ்வளவு வரும்? வீட்டுக்கு அனுப்ப முடியுமா?
— வாசகர், குன்னூர்

ஐ.ஐ.டி., என்.ஐ.டி.களில் மத்திய அரசின் உதவித்தொகையோடு முழுநேரமாகச் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அடுத்து 42,000. 2023 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விகிதம் இது. கைமாறாக வாரம் 8 மணி நேரம் லேப் அல்லது டுடோரியல் பார்க்க வேண்டும். யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கியவருக்கும் இதே தொகை. விடுதிக் கட்டணம், மெஸ் போக ஒரு தொகை மிஞ்சும். வீட்டுக் கடனை அடைக்கும் அளவுக்கு மிஞ்சாது.

பிரதமர் ஆராய்ச்சி ஊக்கத்தொகைத் திட்டம் இதைவிடப் பெரியது: முதல் இரண்டு ஆண்டு 70,000, மூன்றாம் ஆண்டு 75,000, கடைசி இரண்டு ஆண்டு 80,000, ஆய்வுச் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் என்று வகுக்கப்பட்டது. தேர்வு கடுமை. விதிகள் சுற்றுக்குச் சுற்று மாறியிருப்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பை மட்டும் நம்புங்கள்.

மூன்றாவது வழியைப் பலர் கவனிப்பதில்லை. பேராசிரியர் கையில் இருக்கும் திட்டப் பணத்தில் ஜே.ஆர்.எஃப். ஆகச் சேர்ந்து, பிறகு பி.எச்டி.க்குப் பதிவு செய்துகொள்வது. மத்திய அரசு 2018இல் 3,660 கோடி ரூபாயில் தொடங்கிய சைபர்–பிசிக்கல் சிஸ்டம்ஸ் தேசியத் திட்டத்தின் கீழ் 25 மையங்கள் வந்தன. இவற்றில் ஐ.ஐ.டி. கான்பூரின் சி3ஐ ஹப், நம் தலைப்புக்காகவே அமைந்தது போன்றது. மின்சாரம், குடிநீர் சோதனைத் தளங்கள் அங்கே இருக்கின்றன. சென்னையில் ஐ.ஐ.டி. மெட்ராஸின் பிரவர்தக், சென்சாரும் கட்டுப்பாட்டு அமைப்பும் சார்ந்த மையம். திட்டப் பணத்தில் ஓர் ஆபத்து உண்டு: திட்டம் மூன்று ஆண்டில் முடியும், பட்டம் ஐந்து ஆண்டு இழுக்கும். நேர்காணலில் ‘திட்டம் எந்தத் தேதியில் முடிகிறது, அதற்குப் பிறகு நிறுவன உதவித்தொகைக்கு மாற முடியுமா’ என்று கேட்டே ஆக வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்காதவர்கள்தான் நான்காம் ஆண்டில் தனியார் கல்லூரியில் பகுதிநேரப் பாடம் எடுத்துக்கொண்டு தீசிஸ் எழுதுகிறார்கள்.

மலையை விட்டுத் தூரம் போக வேண்டாம் என்றால் கோவையில் அண்ணா பல்கலைக்கழக ஆய்வு மையங்களாக உள்ள கல்லூரிகள் இருக்கின்றன. சேர்க்கை ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இருமுறை. நல்ல கைடுகள் உண்டு. ஆனால் உதவித்தொகை கையில் உறுதியாகாமல் அங்கே முழுநேரம் சேராதீர்கள். ‘சேருங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சை எழுத்தில் கேளுங்கள், வராது.

நீங்கள் இறுதியாண்டு என்பதால் இந்த ஆண்டே கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதுங்கள். மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். கோவையில் மையம் இருக்கிறது. பி.இ. முடித்ததும் நேரடியாகப் பி.எச்டி. எடுக்கும் ஐ.ஐ.டி.கள் உண்டு; உயர்ந்த கேட் மதிப்பெண்ணும் சி.ஜி.பி.ஏ.வும் எதிர்பார்ப்பார்கள்.

மகளுக்கு 28 வயது. பி.எச்டி. என்றால் கல்யாணம், குழந்தை எல்லாம் என்ன ஆவது என்று வீட்டில் பேச்சு.
— தாய், ஊட்டி

யு.ஜி.சி.யின் 2022 விதிகளில் பி.எச்டி.க்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகம் 6 ஆண்டு. பெண்களுக்குக் கூடுதலாக 2 ஆண்டு நீட்டிப்பு, ஆராய்ச்சிக் காலத்தில் 240 நாள் வரை பிரசவ, குழந்தை பராமரிப்பு விடுப்பு. இதெல்லாம் சலுகை அல்ல, விதி. ஐரோப்பாவில் ஊழியராகச் சேர்ந்தால் அந்நாட்டுத் தொழிலாளர் சட்டப்படி விடுப்பு, அதற்கு ஏற்ப ஒப்பந்த நீட்டிப்பு. மற்றதை மகளோடு பேசுங்கள்.

வெளிநாட்டு விளம்பரங்களில் ‘ஃபுல்லி ஃபண்டட்’ என்று போடுகிறார்கள். அதை நம்பி வேலையை விடலாமா? எந்த நாடு நல்லது?
— வாசகர், கூடலூர்

இரண்டு சொல்லையும் நம்பாமல் அதன் கீழே உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். நாட்டுக்கு நாடு அதன் பொருள் வேறு.

நெதர்லாந்து, சுவீடன், நார்வே, டென்மார்க், ஜெர்மனி ஆகிய நாடுகளில் இத்துறை ஆய்வு மாணவர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். வருமான வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு எல்லாம் உண்டு. படிப்புக் கட்டணம் கிடையாது. விளம்பரமும் வேலை விளம்பரமாகவே வரும், ஆண்டு முழுக்க வரும். நெதர்லாந்தில் வழக்கமாக 4 ஆண்டு ஒப்பந்தம். முதல் ஆண்டு மதிப்பீட்டில் சரியில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். சுவீடனில் 4 ஆண்டு ஆய்வு, அதோடு 20 சதவீதம் வரை பாடம் நடத்தும் பணி சேர்ந்தால் 5 ஆண்டு. நார்வேயில் 3 ஆண்டு, பணியோடு என்றால் 4. ஜெர்மனியில் ‘டி.வி.எல். இ13’ என்ற சம்பள நிலை இருக்கிறதா என்பதோடு அது 100 சதவீதமா, 75ஆ, 50ஆ என்று பாருங்கள். 50 சதவீதம் என்றால் பாதிச் சம்பளம். வேலை மட்டும் முழுசாக இருக்கும். செக்யூர் கன்ட்ரோல் கோட்பாட்டில் ஸ்டாக்ஹோமின் கே.டி.எச். பல்கலைக்கழகம் முன்னணியில் இருக்கும் இடம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மரி கியூரி டாக்டரல் நெட்வொர்க் இடங்களுக்கு ஒரு விசித்திர விதி: வேலைக்கு எடுக்கும் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் அந்த நாட்டில் வசித்திருக்கக் கூடாது. கூடலூரிலிருந்து நேராகப் போகும் உங்களுக்கு இது சாதகம். ஜெர்மனியில் இரண்டு ஆண்டு எம்.எஸ். படித்த உங்கள் நண்பர் ஜெர்மனி இடத்துக்குத் தகுதி இழப்பார், பக்கத்து நாட்டுக்கு விண்ணப்பிக்கலாம்.

பிரிட்டனில் கவனம் தேவை. அங்கே நீங்கள் ஊழியர் அல்ல, மாணவர். அரசு ஆராய்ச்சி நிதி அமைப்பின் உதவித்தொகை 2025–26க்கு ஆண்டுக்கு 20,780 பவுண்டு, வரி இல்லை. சிக்கல் கல்விக் கட்டணத்தில்தான். நிதி, உள்நாட்டு மாணவருக்கான கட்டணத்தை மட்டும் கட்டும். வெளிநாட்டவருக்கான கட்டணம் பல மடங்கு. அந்த வித்தியாசத்தைப் பல்கலைக்கழகம் தள்ளுபடி செய்யுமா, நீங்கள் கட்ட வேண்டுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டு மாணவருக்கு அந்த நிதியில் 30 சதவீத உச்சவரம்பு இருப்பதால், தகுதி இருந்தும் இடம் கிடைக்காமல் போகலாம். விசாவோடு மருத்துவ வரி ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம் முழுக் காலத்துக்கும் முன்பணமாகக் கட்ட வேண்டும்: 4 ஆண்டுக்கு 3,104 பவுண்டு. உதவித்தொகையின் முதல் தவணை வருவதற்கு முன்பே கையை விட்டுப் போகும் பணம் இது. இதற்காக மட்டும் கடன் வாங்கியவர்கள் நிறைய.

இன்னொன்று ‘ஏட்டாஸ்’ சான்றிதழ். பாதுகாப்பு சார்ந்த தொழில்நுட்பப் பாடங்களில் முதுநிலை ஆய்வு செய்ய வரும் இந்தியர்கள், விசாவுக்கு முன் பிரிட்டன் வெளியுறவுத் துறையிடம் இதை வாங்க வேண்டும். கட்டணம் இல்லை, ஆறு வாரத்துக்குக் குறையாமல் எடுக்கும், கோடையில் இன்னும் இழுக்கும். ஆய்வுத் தலைப்பை நான்கு வரியில் எழுதச் சொல்வார்கள். உங்கள் கைடு எழுதித் தருவதை அப்படியே போடுங்கள். ‘மின்நிலையத்தைத் தாக்குவது எப்படி’ என்று தொனிக்கும்படி சொந்தமாக எழுதி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அமெரிக்காவில் ரிசர்ச் அசிஸ்டன்ட்ஷிப் கல்விக் கட்டணத்தையும் மாதச் செலவையும் ஏற்கும், ஐந்தாண்டு சாதாரணம். விண்ணப்பம் டிசம்பரில் மூடும். விசா நேர்காணலில் தலைப்பைப் பார்த்துவிட்டு நிர்வாகப் பரிசீலனைக்கு அனுப்பினால் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ காத்திருக்க நேரும். பேராசிரியருக்கு உடனே தெரிவித்துச் சேரும் தேதியைத் தள்ளிவைக்கலாம்.

எந்த நாட்டிலும் சில இடங்கள் ‘உள்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்’ என்று இருக்கும். பாதுகாப்புத் துறையோ மின் நிறுவனமோ பணம் போடும் இடங்கள் அவை. அந்த வரி விளம்பரத்தின் அடியில்தான் கிடக்கும். முதலில் அதைப் படித்துவிட்டு மேலே போங்கள். வேலையை விடுவது பற்றிக் கேட்டீர்கள்: விசா பாஸ்போர்ட்டில் ஒட்டிய பிறகு.

மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர். பகுதிநேரமாகச் செய்ய ஆசை. எங்கள் பவர்ஹவுஸ் டேட்டாவையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், மஞ்சூர்

பகுதிநேரப் பி.எச்டி. அனுமதிக்கப்பட்டதுதான். மேலதிகாரியின் தடையில்லாச் சான்றில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: படிக்க அனுமதி உண்டு, வேலையின் தன்மை அதற்கு நேரம் தரும், தேவைப்பட்டால் கோர்ஸ்வொர்க்குக்கு விடுவிப்போம். மூன்றாவது வரி இல்லாததால் திரும்பி வரும் விண்ணப்பங்கள் அதிகம். உதவித்தொகை கிடையாது, சம்பளம்தான். ஷிப்டில் இருப்பவர்கள் கோர்ஸ்வொர்க்கைக் கோடையில், பராமரிப்பு நிறுத்தத்தோடு பொருத்திக்கொள்வது சௌகரியம்.

டேட்டா விஷயத்தில் கையை வைக்காதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70ஆம் பிரிவுப்படி ‘பாதுகாக்கப்பட்ட அமைப்பு’ என்று அறிவிக்கப்பட்ட ஒன்றை அனுமதியின்றி அணுகினால் 10 ஆண்டு வரை சிறை. நீங்கள் அங்கேயே வேலை செய்கிறீர்கள் என்பது, பென் டிரைவில் எடுத்துப்போக அனுமதி ஆகாது. மத்திய மின்சார ஆணையத்தின் 2021 சைபர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களின்படி உங்கள் நிறுவனத்தில் தலைமைத் தகவல் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். பெயர், நேரம், இடம் எல்லாம் நீக்கிய பழைய பதிவு கேட்டு அவருக்கு எழுதுங்கள். கிடைத்தால் நல்லது, அதை நம்பித் தலைப்பை வைக்காதீர்கள்.

மாற்று வழி இருக்கிறது. சிங்கப்பூர் எஸ்.யு.டி.டி. பல்கலைக்கழகத்தின் ஐடிரஸ்ட் மையம், தன் குடிநீர்ச் சுத்திகரிப்புச் சோதனை ஆலையின் பதிவுகளைக் கேட்பவர்க்கு இலவசமாகத் தருகிறது. விநாடிக்கு ஒரு பதிவு, 51 சென்சார்–ஆக்சுவேட்டர், 11 நாள். 7 நாள் சாதாரண ஓட்டம், 4 நாளில் 36 தாக்குதல்கள். எடுத்ததும் மாடலைப் பழக்க உட்காராதீர்கள். ஆலை வெறும் தொட்டியோடு கிளம்பியதால் முதல் ஐந்து மணி நேரம் நிலைப்படவே இல்லை. அதை வெட்டாமல் விட்டால் உங்கள் மாடல் தொட்டி நிரம்புவதையும் சாதாரணமாகக் கற்றுக்கொள்ளும். இரண்டாவது பள்ளம், மதிப்பெண் போடும் முறை. தாக்குதல் நடந்த நேரத்தில் ஒரே ஒரு விநாடியைப் பிடித்தாலும் முழுத் தாக்குதலையும் பிடித்ததாகக் கணக்கு வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அப்படிக் கணக்கிட்டால், கண்ணை மூடிக்கொண்டு அங்கங்கே அலாரம் அடிப்பதுகூட உயர்ந்த மதிப்பெண் வாங்கிவிடும். தாக்குதல் தொடங்கி எத்தனை விநாடியில் பிடித்தீர்கள், ஒரு நாளில் எத்தனை பொய் அலாரம் என்ற இரண்டையும் தனித்தனியே சொல்லுங்கள். ஷிப்டில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு, ஒரு நாளைக்கு நாற்பது பொய் அலாரம் அடித்தால் ஆபரேட்டர் என்ன செய்வார் என்று சொல்லித் தர வேண்டியதில்லை.

உண்மையில் உங்களிடம் உள்ள மூலதனம் டேட்டா இல்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்ததே, அப்படிப்பட்ட நாளில் தகவல் இணைப்பு போவது, சென்சார் உளறுவது, மரம் விழுந்து லைன் ட்ரிப் ஆவது எல்லாம் எந்த வரிசையில் நடக்கும் என்ற அறிவு உங்களுக்கு இருக்கிறது. பழுதையும் தாக்குதலையும் பிரித்தறிவது இத்துறையில் இன்னும் தீராத கேள்வி. தலைப்பை அங்கே தேடுங்கள்.

கையில் காட்ட ஒரு புராஜெக்ட் வேண்டும் என்கிறார்கள். பெரிய லேப் இல்லாமல் வீட்டில் என்ன செய்யலாம்?
— கல்லூரி மாணவர்கள், கேத்தி

20 லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு, 12 வோல்ட் சின்னப் பம்பு, ரிலே, அல்ட்ராசோனிக் சென்சார், ஓர் இ.எஸ்.பி.32 போர்டு, பழைய லேப்டாப், யாரும் பயன்படுத்தாத வைஃபை ரூட்டர். லேப்டாப்பில் ஓப்பன்பி.எல்.சி. என்ற இலவச மென்பொருளைப் போட்டால் அதுவே பி.எல்.சி. (ஆலைக் கருவிகளை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) ஆகிவிடும், இ.எஸ்.பி.32 மோட்பஸ் வழியாக அதற்குக் கீழே வேலை செய்யும். கீழ் வாளியிலிருந்து மேல் வாளிக்குப் பம்பு. மேலிருந்து ஒரு குழாய் வழியே நீர் திரும்பிக் கீழே. மட்டம் 10 செ.மீ.க்குக் கீழே போனால் பம்பு ஓடணும், 20 செ.மீ. தொட்டால் நிற்கணும். அவ்வளவுதான் ஆலை.

கட்டும்போது கெடுபவை: ஹெச்.சி.-எஸ்.ஆர்.04 சென்சாரின் எக்கோ கால் 5 வோல்ட் தரும், போர்டு 3.3 வோல்ட்தான் தாங்கும். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டால் பிரித்துக் கொடுங்கள். பம்பு நிற்கும்போது எழும் எதிர் மின்னழுத்தம் போர்டை ரீசெட் செய்யும். பம்பின் குறுக்கே 1என்4007 டயோடு போட்டு, பம்புக்குத் தனி சப்ளை வையுங்கள். நீர் படாத வகை என்று ஜே.எஸ்.என். சென்சார் வாங்கினால் 20 செ.மீ.க்குள் அதற்குக் கண் தெரியாது, வாளிக்கு மேலே உயர்த்திக் கட்ட வேண்டும்.

அடுத்தது மலையில் இருப்பவர்களுக்கே வரும் சிக்கல். அல்ட்ராசோனிக் சென்சார் ஒலி போய்த் திரும்பும் நேரத்தைக் கொண்டுதான் தூரத்தை அளக்கும். ஒலியின் வேகமோ ஒரு டிகிரிக்கு விநாடிக்கு 0.6 மீட்டர் மாறும். ஜனவரியில் கேத்தியில் விடியற்காலைக்கும் மதியத்துக்கும் 15 டிகிரி வித்தியாசம் சாதாரணம். அப்படியென்றால் வேகத்தில் 2.7 சதவீதப் பிழை, 30 செ.மீ. தூரத்தில் 8 மி.மீ. காலையில் சுவிட்ச் போட்டதும் உங்கள் டிடெக்டர் (தாக்குதலைக் கண்டுபிடிக்க நீங்கள் எழுதும் நிரல்) ‘தாக்குதல்’ என்று கத்தும். தாக்கியது குளிர். டி.எஸ்.18பி20 வெப்ப சென்சார் ஒன்றைச் சேர்த்து, வேகம் = 331.3 + 0.606 × வெப்பநிலை என்று திருத்துங்கள். திருத்தாமல் ஒரு வாரம், திருத்தி ஒரு வாரம் பதிவெடுத்து இரண்டையும் ஒரே வரைபடத்தில் காட்டினால், பழுதையும் தாக்குதலையும் பிரிப்பது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அதுவே சாட்சி.

பிறகு டிடெக்டர். வாளியின் விட்டம் 30 செ.மீ., பம்பு நிமிடத்துக்கு 4 லிட்டர் என்றால், வெளியேற்றம் இல்லாதபோது மட்டம் விநாடிக்கு 1 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக ஏறும். சென்சார் இரைச்சலே 3 மி.மீ. இருக்கும். எனவே ஒவ்வொரு பதிவையும் தனித்தனியாகப் பார்த்து முடிவெடுக்க முடியாது, பிழையைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். இதைக் க்யூசம் என்பார்கள்: எதிர்பார்த்ததற்கும் அளந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டி, ஒவ்வொரு முறையும் ஒரு சிறு கழிவைக் கழித்து, பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் பிடித்து, எல்லையைத் தாண்டினால் அலாரம். கழிவு எவ்வளவு என்பதில்தான் சூட்சுமம். சாதாரண நாளின் சராசரி வித்தியாசத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் போதும். குறைத்தால் நாள் முழுக்க அலாரம். கூட்டினால் அந்தக் கழிவுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு ஒருவன் வாளியை வழியவிடுவான். அவன் இடத்தில் நீங்களே இருந்து, அலாரம் அடிக்காமல் அதிகபட்சம் எத்தனை மி.மீ. ஏமாற்றலாம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அந்த எண்தான் உங்கள் புராஜெக்டின் முடிவு.

மோட்பஸில் பாஸ்வேர்டே கிடையாது என்பதால் இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து பைமோட்பஸ் மூலம் பத்து வரியில் பம்பை ஓட்டிவிடலாம். ரூட்டரை இணையத்தோடும் கல்லூரி வலையோடும் இணைக்காதீர்கள்.

பேராசிரியர்களுக்கு அறுபது மெயில் அனுப்பினேன். ஒரு பதிலும் இல்லை.
— வாசகர், வெலிங்டன்

அறுபதும் ஒரே மெயில் என்பதால். ஆறு பேர் போதும். ஒவ்வொருவரின் அண்மைக் கட்டுரை ஒன்றை உண்மையிலேயே படியுங்கள். மெயில் பன்னிரண்டு வரி: நீங்கள் யார் (ஒரு வரி), அந்தக் கட்டுரையில் எந்த அனுமானம் உங்கள் அனுபவத்தோடு ஒட்டவில்லை (மூன்று வரி), அதைச் சோதிக்க நீங்கள் செய்தது (மூன்று வரி, வரைபடத்தின் இணைப்பு), எந்த மாதம் சேர முடியும், எந்த உதவித்தொகைக்குத் தகுதி. ‘மதிப்பிற்குரிய ஐயா, சிறுவயது முதலே’ வேண்டாம். இரண்டு பக்க சி.வி., மதிப்பெண் பட்டியல் இரண்டும் ஒரே பி.டி.எஃப். பத்து நாள் பொறுத்து ஒரே ஒரு நினைவூட்டல். ஆன்லைன் நேர்காணல் ஜூலை, ஆகஸ்டில் வந்தால் மலையில் கரண்ட்டையும் நெட்டையும் நம்ப வேண்டாம். முதல் நாளே மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்கிவிடுங்கள்.

ஷோடான் தளத்தில் தேடினால் இணையத்தில் திறந்து கிடக்கும் பி.எல்.சி.கள் தெரிகின்றன. ஒன்றிரண்டைத் தொட்டுப் பார்த்து, அதை விண்ணப்பத்தில் எழுதினால் மதிப்பு கூடுமா?
— பெயர் வேண்டாம், குன்னூர்

கூடாது. பட்டியலைப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். ஒரு பதிவேட்டைப் படித்துப் பார்ப்பதும் அனுமதியில்லா அணுகல்தான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66ஆம் பிரிவுகள் அதற்கே போதும். பழைய பி.எல்.சி. சில, சாதாரண ஸ்கேனுக்கே மயங்கி நின்றுவிடும். அதன் மறுமுனையில் ஓடுவது எந்த ஊரின் குடிநீர்ப் பம்பு என்று உங்களுக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் இதைப் படிக்கும் பேராசிரியர் அடுத்த வரிக்கே போக மாட்டார். கண்ணில் பட்டதை, முகவரியும் நேரமும் குறித்து, சைபர் சம்பவங்களைக் கையாளும் அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்கோ முக்கியத் தகவல் கட்டமைப்புகளுக்கான தேசிய மையமான என்.சி.ஐ.ஐ.பி.சி.க்கோ எழுதுங்கள். பின்னதில் இதற்கென்றே பொறுப்புடன் தெரிவிக்கும் திட்டம் இருக்கிறது. அந்தப் புகாரின் ஒப்புகையை விண்ணப்பத்தில் தாராளமாகக் குறிப்பிடலாம்.